ஒருத்தருக்கும் சீனி இல்லை

“நெஞ்சு நொந்தா டொக்டரிட்டைக் காட்டுவம். மனசு நொந்தா எங்கடை ஆக்கள்…” என்று பெரியப்பா ஏதோ சொல்லுவார். மிச்சம் சிவகரனுக்கு நினைவில்லை. புங்குடுதீவுப் பாலத்தைத் தாண்டும் வரையும் யோசித்துப் பார்த்தான். வரவில்லை.

கையில் ஒரு மொட்டைக் கடிதம். தீவுக் கிளினிக்கில் தாதி இராசமணி, சீனி வருத்தமில்லாத ஆக்களுக்கெல்லாம் இரத்தத்தில் சீனி பார்த்து அரசாங்கச் சாமானை நாசமாக்குகிறா என்று எழுதியிருந்தது.

சுகாதார அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவன் சிவகரன். குற்றம் உண்மையென்றால் இராசமணிக்கு இடமாற்றம். கிளினிக்கும் நின்றுவிடும். மாதத்தில் ஒரு வியாழன் மனநல டொக்டரை இவ்வளவு தூரம் அனுப்புவது வீண் என்று மேலிடம் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ட்ரைவர் தர்சன் ஜீப்பை வாசலில் நிறுத்தினான்.

அன்று மனநலக் கிளினிக் நாள். வாசல் பலகையோ ‘நீரிழிவு’ என்றது.

ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்த நீள வாங்கு நிறைய ஆக்கள். இராசமணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, விரலில் குத்தி, மெசினில் பார்த்து, பஞ்சை வைத்து, உள்ளே டொக்டர் கம்சிகாவிடம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“நீர்தானே இராசமணி?”

“ஓம் சேர். இருங்கோ. கதிரை கொஞ்சம் ஆடும்.”

சிவகரன் இருக்கவில்லை.

“போன மாசம் இந்தக் கிளினிக்கிலை சீனி பாக்கிற ஸ்ரிப் முப்பத்தெட்டு முடிஞ்சிருக்கு. முப்பத்தெட்டுப் பேரிலை எத்தினை பேருக்குச் சீனி?”

“ஒருத்தருக்கும் இல்லை சேர்.”

இவ்வளவு கெதியாக ஒப்புக்கொள்ளுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“பிறகேன் குத்துறீர்?”

“ரோட்டாலை பஸ் போகுது சேர். பஸ்ஸிலை போற எல்லாருக்கும் இந்த வாங்கு தெரியும். முதல் ரெண்டு மாசமும் மனநலம் எண்ட பலகைதான் கொழுவினனான். மூண்டு பேர் வந்தவை. அதிலை ஒராள் தண்ணி குடிக்க வந்தவர்.”

“வெட்கப்பட்டா வருத்தம் மாறுமே? இதிலை ஒளிக்க என்ன இருக்கு? சனத்துக்கு விளங்கப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் குடுத்தனாங்கள்தானே.”

“குடுத்தனீங்கள். கடையிலை அதிலைதான் வடை சுத்தித் தந்தவங்கள்.”

வாங்கில் யாரோ சிரித்தார்கள். இராசமணி குரலைத் தணித்தாள்.

“மடத்துவெளியிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை, சேர். தாய் செத்தபிறகு சாப்பாடில்லை, கதையில்லை. இஞ்சை ரெண்டு தரம் வந்தவ. பஸ்ஸிலை போன ஆரோ கண்டு சொல்லி, பேசின கலியாணம் குழம்பிப்போச்சு. அதோடை வரவை விட்டிட்டா. மருந்தும் போடேல்லை. ஒருநாள் விடிய கிணத்துக்கட்டிலை நிண்டவவைப் பிடிச்சுக்கொண்டு வந்தவை.”

“இப்ப?”

“உள்ளுக்கை டொக்டரோடை கதைச்சுக்கொண்டிருக்கிறா. சீனி தொண்ணூத்திரண்டு.”

சிவகரன் கடிதத்தை மடித்தான்.

“சரி, பஞ்சை மட்டும் ஒட்டி விடலாமே? ஸ்ரிப் மிச்சம்.”

“அப்பிடியும் செய்து பாத்தனான். அதுகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது சேர். சீனி பாத்தவையோ எண்டு ஆரும் கேட்டா முழுசுதுகள்.”

உள்ளிருந்து சின்னாச்சி என்ற கிழவி மருந்துப் பையோடு வந்தாள். வாசல் படலையடியில் நின்ற தர்சன் அவள் விரலைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“என்னணை ஆச்சி, சீனியோ?”

“பாத்தவை மோனை,” என்று பஞ்சை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

“பாத்தீங்களே சேர்?” என்றாள் இராசமணி. “ஒரு சொல்லும் பொய்யில்லை.”

“டவுனிலை பெரியாஸ்பத்திரி இருக்குத்தானே?”

“ஒருநாள் கூலியை விட்டிட்டு, ரெண்டு பஸ் மாறிப் போக வேணும். வசதியான ஆக்கள் கொழும்புக்குப் போய்க் காட்டிப்போட்டு வருவினம், காதும் காதும் வைச்சமாதிரி. இதுகள் எங்கை சேர் போறது?”

சிவகரன் கதிரையில் இருந்தான்.

மனைவி இறந்தபிறகு அவனுக்கு நித்திரை போனது. எட்டு மாதமாக, மாதமொருமுறை கொழும்பில் ஒரு மனநல டொக்டரிடம் போய்வருகிறான். அலுவலகத்தில் பல்லு வைத்தியம் என்று சொல்லியிருந்தான். “இன்னும் எத்தினை பல்லு சேர் மிச்சம்?” என்று தர்சன்கூடப் போன மாதம் பகிடி விட்டவன்.

விசாரணைத் தாளை முழங்காலில் வைத்து எழுதினான்: ‘முறைகேடு எதுவும் இல்லை. வியாழக்கிழமைக் கிளினிக்குக்கு மாதம் ஐம்பது ஸ்ரிப் அனுப்பவும்.’ கையெழுத்து வைத்தான்.

“போவமே சேர்?” தர்சன் வாசலுக்கு வந்துவிட்டான்.

“நீர் போய்ச் சாப்பிட்டிட்டு வாரும். நான் டொக்டரிட்டைக் காட்ட வேணும்.”

“உங்களுக்கும் சீனியோ சேர்?”

“இல்லை, தர்சன். எனக்கு எட்டு மாசமா நித்திரை இல்லை. பல்லிலை ஒரு பிழையும் இல்லை.”

தர்சன் தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தான்.

“அக்கா, எனக்கும் ஒரு நம்பர் தாங்கோ,” என்றான் சிவகரன்.

இராசமணி நம்பர்த் துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

“எனக்குக் குத்த வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுச் சிவகரன் ரோட்டுப் பக்கமாக இருந்த வாங்கின் நுனியில் போய் இருந்தான்.