வெற்றுப் பக்கத்தில் ஒரு வரி

அலுவலகத்தில் அவளுடைய கம்ப்யூட்டரை மாற்றிப் புது மேக் வைத்துவிட்டார்கள். பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைப்பவள் அவள். கைப்பழக்கம் லேசில் போவேனா என்றது.

"கன்ட்ரோல் கீ இல்லக்கா, கமாண்ட் கீ. கட்டைவிரலால அழுத்துங்க," என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும் அன்டூவைப் பழகுவதற்காகப் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். எதுவும் எழுதாமலே கமாண்டையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினாள். யாரோ எழுதி அழித்ததுபோல ஒரு வரி திரும்பி வந்தது.

'மொட்டை, நான் இனிமே வீட்டுக்கு வரமாட்டேன். தேடாதே.'

கணவனை அவள் மொட்டை என்று கூப்பிடுவது வீட்டுக்குள் மட்டும்தான்.

"என்கிட்ட விளையாடுறியா?" என்றாள்.

"நான் தொடவே இல்லக்கா. பெட்டியைப் பிரிச்சதே உங்க முன்னாடிதானே."

அவனே இன்னொரு புதுப் பக்கத்தைத் திறந்து அழுத்திப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அவள் அழுத்தினாள். அதே வரி வந்தது.

ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறவனின் முகமாக அது இல்லை. அந்தச் செல்லப்பெயர் தெரிந்த இன்னொரு ஆள் கணவன்தான். மாடிப்படிக்குப் போய் அவனுக்குப் போன் செய்தாள்.

"என் கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ணி வெச்சிருக்கியா? வீட்டுக்கு வரமாட்டேன்னு நான் எழுதின மாதிரி ஒரு வரி வருது."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"அதை எழுதின அன்னைக்கே அழிச்சிட்டேன்னு என்கிட்ட சொன்னியே," என்றான்.