பனி மிதித்தவனுக்கே பாறை

மார்ச் பிறந்தால் நார்வேக்காரர்களுக்குப் பாறை ஏறக் கை அரிக்கும். பனியோ புதிதாகக் கொட்டி இடுப்பளவு கிடந்தது.

யாரும் ஏறியதாகத் தெரியாத பாறைக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. முன்னால் பனியை மிதித்து வழி போடுகிறவருக்கே முதலில் ஏறும் உரிமை. முதலில் ஏறியவர் வைப்பதே பாறைக்குப் பெயர். அது அவர்கள் பாறையேற்றச் சங்கத்து வழக்கம்.

“நான் முன்னாடி போறேன்,” என்றாள் தூருன்.

“உனக்கெதுக்கும்மா சிரமம்? பின்னாடி வா,” என்று முந்திக்கொண்டான் கூட வந்த எய்லிஃப்.

“பேரு வைக்கத்தானே இப்படிப் பறக்கிற, திருடா!” மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் போட்ட தடத்திலேயே சொகுசாக நடந்தாள்.

ஐந்து மணி நேரத்தில் முழங்கால் கழன்றாலும் எய்லிஃபுக்கு உள்ளூரச் சிரிப்பு: ‘ஏமாளி!’ தன் பெயரையே வைப்பதென்று முடிவுகட்டி, ஏறி உச்சியைத் தொட்டான்.

அங்கே ஒரு சிவப்பு பிளாஸ்க் பனியில் பாதி புதைந்து கிடந்தது.

கீழிருந்து தூருன் கத்தினாள்: “பிளாஸ்க் இருக்காடா? போன வாரம் ஏறினப்போ மறந்து வெச்சுட்டேன். அப்புறம் பனி கொட்டிடுச்சு, வழி போட ஆள் கிடைக்காமத் தவிச்சேன். பத்திரமா எடுத்துட்டு வா... ஆங், பாறை பேரு தூருன்!”