நான்கு இலை

கத்தியைத் தரையோடு தரையாக வைத்து இழுத்தான்.

பூந்தண்டு இலைகளோடு சேர்ந்து சாய்ந்தது. மண்ணில் ஒரு பச்சை வட்டம் மட்டும் மிஞ்சியது.

தோட்டத்துப் படலைத் திறந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு வரிசையில் மூன்று மொட்டையாகிவிட்டது. நான்காவதில் குனிந்திருந்தவன் அவள் அண்ணன்.

"அண்ணா, கையை எடு."

அவன் எடுக்கவில்லை.

அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. கிளாடியோலஸ் பூவை இப்படியா வெட்டுவார்கள்? கீழ்மொட்டு இரண்டு நிறம் காட்டியதும், வெயில் ஏறுமுன், தண்டை மட்டும் சரிவாக அறுக்க வேண்டும். நான்கு இலையாவது செடியில் நிற்க வேண்டும். எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

நட்ட கிழங்கு பூவைக் கொடுத்ததோடு சுருங்கிச் செத்துவிடும். அதன் தலைமேல் புதுக் கிழங்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். பூ போன பிறகு ஆறு வாரம் அதற்குச் சோறு போடுவது அந்த இலைகள்தான். அவை பழுத்த பிறகு தோண்டி, நிழலில் உலர்த்தி, அடுத்த நடவுக்கு எடுத்து வைக்கலாம். இலை போனால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே சூம்பிப்போகும்.

"பூக்கடைக்காரன் நீளத் தண்டு கேட்டானா? அதுக்காகக் கண்ணை வித்துச் சித்திரம் வாங்குவியா?"

"வாத்தியாரம்மா வந்தாச்சு," என்றான், செடியைப் பார்த்தபடியே.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

நிலம் அவன் பேரில். கிழங்கு அவள் கையில். ஒன்பது வருஷமாகத் தோட்டம் இப்படித்தான் நடந்தது. தாய்க் கிழங்கின் அடியில் ஒட்டியிருக்கும் பட்டாணியளவு குட்டிகளைக்கூட அவள் வீசியதில்லை. ஒரு குட்டி வளர்ந்து பூக்க இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகும். இந்தப் பன்னிரண்டு வரிசையில் விலைக்கு வாங்கிய கிழங்கு ஒன்றுகூட இல்லை.

பத்து நாளாகவே அவன் போக்கு சரியில்லை. காற்றில் சாய்ந்த தண்டுகளுக்கு முட்டுக்குச்சி நடவில்லை. களை கணுக்காலைத் தாண்டியது. தண்ணீர்க் குழாயைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டான். ஒவ்வொன்றுக்கும் அவள் திட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவன் எருமைமேல் மழை பெய்த மாதிரி நின்றான்.

சோம்பேறி, மறதிக்காரன் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ஒருவேளை தனக்குத்தான் சொல்லத் தெரியவில்லையோ என்றும் இரண்டொரு தடவை யோசித்தாள். அந்த யோசனை இப்போது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

வரப்பைத் தாண்டிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூணு வரிசை போனது போகட்டும். மிச்சத்தையாவது விடு. ஆறே வாரம். அப்புறம் நானே தோண்டி எடுத்துக்கறேன், நீ ஒரு துரும்பையும் தொட வேணாம்."

அவன் அப்போதுதான் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கத்தியில் ஒட்டிய சாற்றைக் கால்சட்டையில் துடைத்தான்.

"நீ இதைத்தான் கேப்பன்னு தெரியும்," என்றான். "நிலத்தை வித்தாச்சு. வர்ற பதினஞ்சாம் தேதி மண் அள்ளுற வண்டி வருது. இலை நின்னா நீ ஆறு வாரம் கேப்ப. நீ கேட்டா என்னால இல்லேன்னு சொல்ல முடியாது."

அவள் பிடி தளர்ந்தது. அவன் மறுபடி குனிந்தான்.

முடிந்த மூன்று வரிசைகளையும் அவள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள். ஒரு செடியில்கூட ஓர் இலை தப்பியிருக்கவில்லை.

அவ்வளவு கவனமாக அவன் இந்தத் தோட்டத்தில் எந்த வேலையும் செய்ததில்லை.