டிக்கிக்குள் உருண்டது

காரின் டிக்கிக்குள் இடுப்புவரை நுழைந்து, கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, விஜிதரன் அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

வளைவில் திரும்பினால் லொடக். பிரேக் பிடித்தால் இன்னொரு லொடக். வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்த் திரும்பிய வழியெல்லாம் அது அவனுடைய உயிரை வாங்கியிருந்தது.

கார் 1968ஆம் ஆண்டு அமெரிக்கக் கமாரோ. எட்டுச் சிலிண்டர். சுவிஸின் இந்தப் பீல் நகரத்துக் கராஜில் அதை ஸ்டார்ட் செய்தால், பக்கத்துக் கராஜ்காரர் சுவரில் மாட்டியிருக்கும் சாவிகள் எல்லாம் கிலுகிலுக்கும்.

இரண்டு வருடமாக அவனுடைய சனி ஞாயிறுகளை அது தின்றது. சொந்தக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'டிலக்ஷியின் சக்களத்தி'.

மனைவி டிலக்ஷி அதற்குக் கோபித்ததில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு கராஜுக்கு வருவாள், பெயின்ட் நிறத்துக்கு அபிப்பிராயம் சொல்வாள், போய்விடுவாள். ஆனால் ஒருநாள்கூடக் காருக்குள் ஏறியதில்லை. கேட்டால், "செத்த மனிசன்ட கார்" என்பாள்.

அதுதான் விஜிதரனின் மனக்குறை. ஆணி ஆணியாகக் கழற்றி அவன் மறுபடி பூட்டியதே, மனைவியைப் பக்கத்தில் இருத்தி ஏரிக்கரையோரம் ஒருமுறை போய்வரத்தான். பரிசோதனைக்குப் போனது தவிர, இன்றுதான் முதல் ஓட்டம். இன்றும் மாட்டேன் என்றால், பிறகு அந்தக் காருக்கு என்ன அர்த்தம்?

செத்த மனிதர் என்றது பெரே என்ற நொஷாட்டல் நகரத்து முதியவரை. அவருடைய கடைசி வருடத்தில் டிலக்ஷிதான் வீட்டுக்குப் போய்ப் பராமரித்தாள். அவர் போனபிறகு மகள் காரை விற்கப்போகிறாள் என்ற கதையைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

வாங்கப் போன அன்றே விஜிதரனுக்கு ஒரு விஷயம் இடித்தது. உண்மையாகவே இடித்தது, முழங்காலில். ஓட்டுநர் சீட் முன்னுக்கு, ஸ்டியரிங்கோடு ஒட்டியபடி இருந்தது.

பெரேயோ நெடிய மனிதர். சுவரில் இருந்த படத்தில் காரின் கூரைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். இதை வேறு யாராவது ஓட்டினார்களா என்று மகளிடம் கேட்டான். அப்பா எனக்குக்கூட ஒருநாளும் சாவி தந்ததில்லை என்று அவள் சத்தியம் செய்தாள்.

துருவை அகற்றும்போதும், மெத்தையை மாற்றும்போதும், யார் அந்தக் குட்டைக்கால்காரர் என்று அவன் யோசித்துக்கொண்டே இருந்தான்.

இப்போது பின்சில்லுக்கு மேலே, தகட்டின் இடுக்கில், விரல் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. இத்தனை நாளும் அவன் கண்ணுக்குத் தப்பி ஒளிந்திருந்த ஒன்று. கம்பியை வளைத்து இழுத்தான். உருண்டு வந்து உள்ளங்கையில் விழுந்தது.

கறுத்து, சுருங்கி, கல்லாகிப்போன சின்ன உருண்டை.

சாதிக்காயோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனான். இலேசான எலுமிச்சைப் புளிப்பு வாசம்.

முதல் ஓட்டத்துக்குச் சில்லுகளின் கீழே வைப்பதற்கென்று டிலக்ஷி கொண்டுவந்த தேசிக்காய்கள், பக்கத்தில் தட்டில் பச்சையாகப் பளபளத்தன. அவன் கையில் இருந்தது அவற்றின் முப்பாட்டன்.

"என்னப்பா இது! பெரே தேசிக்காய் நசிச்சிட்டோ கார் ஓடினவர்?" என்று சிரித்தான்.

டிலக்ஷி கால்விரலில் எட்டி நின்று பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த உருண்டையை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் வைச்சனான். பெரிய கார், கண்ணூறு பட்டிடும் எண்டு. மிஞ்சினதை டிக்கிக்குள்ள போட்டனான்."

"நீரோ? எப்ப?"

"அவர் சாகிறதுக்குக் கொஞ்சம் முதல். ஒருக்கா ஏரியைச் சுத்திக் கூட்டிக்கொண்டு போ எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டவர், பாவம்."

விஜிதரனுக்கு விளங்கவில்லை. அந்த நேரம் பெரேயைக் கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றுவதற்கே டிலக்ஷியின் இரண்டு தோள்களும் வேண்டியிருந்தன. மகளிடம் சாவி இல்லை. டிலக்ஷியோ தன்னுடைய குட்டிக் காரில் லொறியை முந்தவே மாட்டாள். நோயாளியைக் காரில் ஏற்றினால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குப் பாடம் எடுப்பவளும் அவளேதான்.

"அப்ப ஆர் ஓடினது?"

அவள் தட்டை எடுத்துப்போய் ஒவ்வொரு சில்லின் கீழும் ஒரு தேசிக்காயை வைத்தாள். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விஜிதரன் ஓடிப்போய் அவளுக்காகப் பயணி ஏறும் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். இந்தமுறையாவது ஏறமாட்டாளா என்று பார்த்தான்.

அவள் அந்தக் கதவைத் தாண்டி, காரின் முன்பக்கத்தைச் சுற்றிப் போய், இடப்பக்கத்தால் ஏறி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கறுத்த தேசிக்காயை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். குனிந்து பார்க்காமலே கையைச் சீட்டின் அடியில் விட்டு, பிடியை நெம்பினாள்.

சீட் கிறீச்சென்று முன்னுக்கு நகர்ந்தது. காரை வாங்கப் போன அன்று அவன் கண்ட அதே இடத்தில் போய் நின்றது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏறுங்கோ."