ஏழாம் பக்கத்தில் பென்சில்

"டைப் அடிக்கக் குடுத்தா டைப் மட்டும் அடிக்கணும். யாரு அந்தம்மாவை என் கணக்குல—"

"மெதுவாப் பேசுங்க, கீழ்வீடு வரைக்கும்—"

"—கை வைக்கச் சொன்னது? பென்சிலை எடுத்து எனக்கே கேள்வி போடுது!"

"—கேக்குது லா. கோவில்ல நொவேனா ஜெபக் கூட்டத்துல நசுங்கி, ரெண்டு பஸ் மாறி இப்பத்தான் வந்து உக்காந்தேன். ஒரு வாய் தண்ணி குடிக்க விடுங்க."

அந்தோனியம்மாள் ஜெபமாலையை இன்னும் கையிலிருந்து இறக்கவில்லை. செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று காலிலும் இருந்தது.

அவள் கணவர் இஞ்ஞாசி தாள்களைச் சாப்பாட்டு மேசையில் போட்டார். டிசம்பர் வந்தால் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் வேலை முடிகிறது. அதற்குள் இந்த ஒரு கட்டுரை அச்சில் வந்துவிட வேண்டும்.

வானத்தில் ஒரு குவேசார், வெகு தொலைவில் எரியும் ஒளிப்புள்ளி, ஒன்றே ஒன்று, இரண்டாகத் தெரிகிறது. நடுவில் நிற்கிற நட்சத்திரக் கூட்டத்தின் ஈர்ப்பு அதன் ஒளியை வளைத்து இரண்டு வழியாக அனுப்புகிறது. அப்படி வரும் ஒளி எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. ஐந்து வருடக் கணக்கு.

லண்டன் பத்திரிகை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாம் முறையும் திரும்பினால் மொத்தத்தையும் குப்பைக் குழாயில் தள்ளிவிடுவதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

கைப்பிரதி சனிக்கிழமைதோறும் அந்தோனியம்மாளோடு நொவேனாவுக்குப் போகும். அங்கே மிஸஸ் லிம் என்கிற டைப்பிஸ்ட் வாங்கிக்கொள்வாள். தெம்பனிஸ் பேட்டையில் குடியிருப்பவள். அடுத்த சனிக்கிழமை, கிரேக்க எழுத்துகளுக்கு மட்டும் இடம் விட்டு, ஒரு பிழையில்லாமல் தாள்கள் திரும்பி வரும். அந்த இடங்களை இஞ்ஞாசி கறுப்பு மையால் நிரப்புவார்.

இன்று வாங்கிய கையோடு புரட்டியவர்தான், ஏழாம் பக்க ஓரத்தில் அந்த ஆங்கிலப் பென்சில் வரிகளைப் பார்த்துவிட்டார்.

'மூன்றாம் பக்கத்தில், பொருள் எல்லாம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்கிறீர்கள். இங்கே அதையே எங்கும் சமமாகப் பரப்பிவிட்டீர்களே?'

"எங்க படிச்சதாம் அந்தம்மா?"

"வீட்டுல சொல்லிக் குடுத்தாங்களாம்."

"வீட்டுல!" என்று சிரித்தார். சிரிப்பில் தெம்பு இல்லை.

அவர் வீட்டிலும் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்தார், இதே மேசையில். மகள் ஜோன். கோவிலில் இல்லாமல் பதிவு அலுவலகத்தில், ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொண்டவள். பையன் பெயரைச் சொல்ல வந்தவளிடம், எனக்குத் தெரிய வேண்டாம் என்று கதவைச் சாத்தினார். அதுவும் ஐந்து வருடம் ஆகிறது.

மிஸஸ் லிம்மின் அறியாமையை நிரூபித்துவிடலாம் என்று பழைய தாளொன்றின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார்.

ஒரு முறை. திரும்ப ஒரு முறை.

அடுப்பில் தண்ணீர் கொதித்து, தேநீரும் வந்து, ஆறிப்போனது.

"சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். கோபம் போன குரலில் களைப்பு மட்டும் மிச்சம்.

"என்ன சரி?"

"ஒளி வர்ற வழியில ஏதாவது பொருள் இருந்தா, அது கொஞ்சம் குவிச்சுக் குடுக்கும். ஒண்ணுமே இல்லாத வழியா வந்தா மங்கிப்போகும். பாக்கிறவனுக்கு, இருக்கிற தூரத்தைவிட ரொம்பத் தள்ளி இருக்கிற மாதிரி தெரியும். நான் அதை விட்டுட்டேன்."

"இதைக் கண்டுபிடிக்க அஞ்சு வருஷமா உங்களுக்கு?"

பக்கத்தைத் திருத்தி மறுபடி டைப் அடிக்கக் கொடுக்க வேண்டும். இன்னொரு சனிக்கிழமை. அதற்குமுன் இந்தப் பென்சிலை அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தார்.

ரப்பர் தாளைத் தொடவில்லை.

வரிகள் சுத்தமாக இல்லை. எழுதிய சொல்லின் மேலேயே எழுதிய கை உரசிக்கொண்டு போய், கரி வலப்பக்கமாக இழுபட்டிருந்தது. வரிக்கு வரி அப்படியே.

இந்த மேசையில் எத்தனை நோட்டுகள் இதே மாதிரி. பாடம் முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு சின்ன உள்ளங்கையின் ஓரத்தை அவர்தான் துடைத்துவிடுவார். எவ்வளவு துடைத்தாலும் சுண்டுவிரல் பக்கத்துக் கருப்பு போகாது.

அந்தோனியம்மாள் ஆறிப்போன கோப்பையை எடுக்க வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

இஞ்ஞாசி தாளிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்:

"அவ இன்னும் இடது கையாலதான் எழுதுறாளா?"