டிரெய்லருக்குப் பின்னால்

வெர்லின் ஆறாவது முறையாகச் சைக்கிள்களை ஆட்டிப் பார்த்தார்.

இரண்டும் அசையவில்லை. பிக்கப் வண்டி இழுத்துவரும் டிரெய்லர் வீட்டின் வாலில், இரும்புச் சட்டத்தோடு சேர்த்து ஒவ்வொன்றுக்கும் நான்கு நைலான் பெல்ட். சக்கரங்களுக்குத் தனிக் கட்டு. போதாததற்கு ஒரு பூட்டு வேறு.

"என்னைக் கட்டிக்கிட்ட நாள்லருந்து என்னையக்கூட இத்தன தடவ திரும்பிப் பாத்ததில்ல கிழவா" என்று சொல்லிவிட்டு டோரீன் கழிப்பறைப் பக்கம் நடந்தாள். காற்று அவள் தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. வயோமிங்கில் அந்த நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காற்று ஓய்ந்த நாள் கிடையாது.

ஒன்பது வருடமாக இந்தச் சாலைப் பக்கமே வெர்லின் வரவில்லை. யூட்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு இதுதான் நேர்வழி. ஆனாலும் தெற்கே சுற்றித்தான் போவார். அங்கே டீசல் மலிவு என்பார், மலை அழகு என்பார், ஏற்றம் ஏறினால் இன்ஜினுக்கு நல்லது என்றுகூட ஒருமுறை அளந்துவிட்டார். இந்த வருடம் தெற்கே காட்டுத்தீ. பாதையை மூடிவிட்டார்கள். அவரிடமும் பொய் தீர்ந்துபோயிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் இந்தச் சாலை வழியாகப் போய், டிரெய்லர்கள் இரவு தங்கும் முகாமில் இறங்கியபோது, இரண்டு சைக்கிளில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. டோரீனின் மஞ்சள் சைக்கிளைக் காணோம்.

தப்பு அவருடையதுதான். காருக்கென்று செய்த சைக்கிள் சட்டத்தை டிரெய்லரின் மெல்லிய பம்பரில் மாட்டியிருந்தார். டிரெய்லரின் வால் காரைப்போல அடங்கி வராது, வழியெல்லாம் குதித்துக்கொண்டே வரும். சட்டத்தின் ஒரு கை ஒடிந்திருந்தது.

டிரெய்லர் இழுப்பவருக்குப் பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் சுவர்தான் தெரியும். பின்னால் எது எங்கே விழுந்தது, யார் முன்னால் விழுந்தது என்பது தெரியாது.

"எவனாவது எடுத்திருப்பான். நல்லா ஓட்டட்டும் போ" என்று டோரீன் அன்றைக்கே தலைமுழுகிவிட்டாள்.

வெர்லினால் முடியவில்லை. ராலின்ஸ் ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஓர் உலுக்கல் வந்ததை ஸ்டீயரிங்கில் இருந்த அவர் கை உணர்ந்திருந்தது. காற்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தாமதித்தால் முகாமில் நல்ல இடம் போய்விடும் என்ற அவசரம். நிறுத்தவில்லை. அதை டோரீனிடம் இன்றுவரை சொல்லவுமில்லை.

அந்தச் சைக்கிள் யாரையாவது கொன்றிருக்குமோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. செய்தித்தாளில் விபத்துச் செய்தி வரும் பக்கத்தை அதற்குப் பிறகு அவர் புரட்டியதேயில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார்."

திரும்பினார். அறுபது வயதிருக்கும் ஒரு பெண். ஆரஞ்சு நிற மேல்சட்டை, கையில் வாளி நிறைய பெல்ட்டுகள். பதிலுக்குக் காத்திராமல் ஒரு சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள்.

"பின்னாடி சைக்கிள் தொங்குற வண்டி எது வந்தாலும் ஒரு தடவ ஆட்டிப் பாத்துருவேன். கட்டு சரியில்லன்னா நானே ஒரு பெல்ட் போட்டு விட்ருவேன். காசெல்லாம் வேணாம்."

குனிந்து அடியிலும் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! அடியில தனி இரும்பே போட்ருக்கீங்க. இந்த வருஷம் நான் பாத்ததுலயே இதுதான் உருப்படியான கட்டு. எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா நான் ஏன் சார் இங்க வந்து காத்து வாங்கிட்டு நிக்கப்போறேன்?"

நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருக்கலாம். வாய் சொன்னபடி கேட்கவில்லை.

"எதுக்காக நிக்கிறீங்க?"

பலமுறை சொல்லிப் பழகியவளாக அவள் சொன்னாள். பேசிக்கொண்டே ஒரு பெல்ட்டின் தொங்கும் நுனியை இழுத்து மடித்துச் செருகினாள். அவளும் கணவர் ராய்ஸும் இதே சாலையில் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். நடுச்சாலையில் ஒரு சைக்கிள் கிடந்தது. மற்றவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். ராய்ஸ் மட்டும் காரை ஓரங்கட்டி இறங்கினார். பின்னால் வருகிறவர்கள் மோதிவிடக் கூடாதே என்று.

"தூக்கிட்டுப் போயி வேலியில சாய்ச்சு வச்சார். மண்ணத் தட்டிவிட்டார். யாராச்சும் தேடி வருவாங்கன்னு நெனச்சிருப்பார் போல. திரும்பி வரும்போது லாரி." அவள் அடுத்த பெல்ட்டுக்குப் போனாள். "நான் உள்ள உக்காந்து அவருக்கு ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தேன். அது ஆச்சு ஒன்பது வருஷம். யாரும் தேடி வரல."

வெர்லின் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒன்பது வருடம். அந்தக் கோடையில் இந்தச் சாலையில் எத்தனை ஆயிரம் டிரெய்லர் போயிருக்கும்! அதில் எத்தனை பேர் சைக்கிளைத் தொலைத்திருப்பார்கள்! தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? அவள் சிவப்பு என்று சொன்னால் போதும். நீலம் என்றாலும் போதும். மிச்ச நாளை நிம்மதியாகக் கழித்துவிடலாம்.

"அந்தச் சைக்கிள் என்ன கலர்?"

பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இதோட நூறு பேருக்கு மேல சொல்லியிருப்பேன் சார்" என்றாள் மெதுவாக. "எல்லாரும் அவரப் பத்தித்தான் கேப்பாங்க. சைக்கிளப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."