நாலு விரல்

ஏறி உட்கார்ந்ததுமே அந்த ஆளின் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

"எந்தக் குள்ள டிரைவர்கிட்டம்மா வண்டியைக் குடுத்து அனுப்பினீங்க?" என்று பக்கத்து சீட்டில் இருந்த தன் அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டு, சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளினார்.

அம்மாவோ ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் என் பட்டறையின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று சாயங்காலம் நான் தகடு வாங்கப் போயிருந்த நேரத்தில் யாரோ வண்டியைக் கொண்டுவந்து உள்ளே விட்டுப் போயிருந்தார்கள். யாராக இருந்தாலும் கெட்டிக்கார ஆள். என் பட்டறைச் சந்தில், மின்கம்பத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே, இவ்வளவு பெரிய எஸ்யூவியை ஒரு கீறல் இல்லாமல் ரிவர்ஸில் நுழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

பழைய வண்டியைப் பிக்கப்பாக மாற்றுவதில் இந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நானே சொல்கிறேன், வேறு யார் சொல்வார்கள்? பின்பக்கக் கூரையைச் சீவி எடுத்து, முன் சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு தகட்டுச் சுவர் எழுப்பி, மிச்சத்தைச் சரக்கு ஏற்றும் தொட்டியாக்கிவிடுவேன்.

அந்தச் சுவர் எங்கே வருகிறது என்பதில்தான் சூட்சுமம். பற்றவைத்த பிறகு சீட் ஒரு நூல்கூடப் பின்னால் போகாது. அதனால் ஓட்டுகிறவரை உட்காரவைத்து, அவர் கால் நீட்டுகிற அளவு பார்த்துத்தான் வெட்டுக்கோடு போடுவேன்.

இவர் நல்ல உயரம். சீட்டின் முதுகை ஒட்டிச் சாக்பீஸால் கோடு இழுத்தேன்.

அளவு பார்ப்பதற்காகப் பின் சீட்டுகளை எல்லாம் காலையிலேயே கழற்றியிருந்தேன். அவர் மனைவி பின் கதவு வழியாக உள்ளே ஏறினாள். கல்யாணமான நாள் முதல் அந்தக் கதவுதானாம், கடைசி வரிசைதானாம் அவளுக்கு. பழைய சோபாவைப் பிரித்து, பஞ்சு மாற்றி, புதுத் துணி போட்டுத் தருகிற தொழில். பெரிய ஹோட்டல் ஒன்று தன் சோபா அத்தனையையும் அவளிடமே தருவதாகச் சொல்லியிருக்கிறது. அவளே வந்து எடுத்துப்போய், அவளே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கணவருக்கு வண்டியை வெட்ட மனசே இல்லை. தெருவே திரும்பிப் பார்த்த வண்டியாம். மூன்று பேர் உட்காரும் சோபா தொட்டிக்குள் முழுசாகப் படுத்தால் வெட்டலாம், இல்லாவிட்டால் பேச்சே கிடையாது என்று சொல்லித்தான் வந்திருந்தார். ஆனால் வண்டி அம்மா பெயரில் இருந்தது. கடைசி வார்த்தை அம்மாவுடையது.

மருமகள் கோட்டிலிருந்து பின் கதவு வரை டேப் பிடித்தாள். நம்பாமல் மறுபடியும் பிடித்தாள்.

நாலு விரல் குறைந்தது.

நாலே நாலு விரல். அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. தொட்டிக் கதவைத் திறந்துபோட்டு ஏற்றலாம்தான். ஒரு மழை பெய்தால் ஹோட்டல்காரன் சும்மா விடுவானா?

"விடு, நமக்கு இது சரிப்படாது," என்றார் கணவர். குரலில் வருத்தம் இருந்தது. முகத்தில் இல்லை.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தோம்.

எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. இந்தப் பட்டறையில் எத்தனை குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முன் சீட் என்பது சிம்மாசனம். அதில் உட்கார்ந்த மாமியார், கடைசி சீட்டு மருமகளுக்காக வண்டியை வெட்டக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் நான். தகடு வெட்டும் கிரைண்டரின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"ஒயரை எதுக்குச் சுத்துறீங்க?" என்றார் அம்மா. "அந்தக் கோட்டை அழிங்க. ஓட்டுறவங்க இன்னும் உக்காரவே இல்லையே."

மகனைப் பார்த்து, இறங்கு என்று தலையை ஆட்டினார்.

அவர் ஒன்றும் புரியாமலே இறங்கினார். மருமகள் பின் கதவு வழியாகக் குதித்து, வண்டியைச் சுற்றி வந்து, ஸ்டியரிங் பக்கம் ஏறினாள்.

அவள் கை எதையும் தேடவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை நேரே போய்ப் பிடித்தது. ஒரே இழுப்பில் சீட் முன்னால் வந்து, காலையில் பின் சீட்டுகளைக் கழற்றும்போது நான் பார்த்த அதே இடத்தில் டக்கென்று நின்றது. மாமியாரும் தன் சீட்டை அதே அளவுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, வண்டி நகரப்போவதுபோல, பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தினமும் செய்கிற காரியம்போல இருந்தது.

பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுசாக இழுத்தேன். தொட்டி ஒரு சாண் வளர்ந்திருந்தது. சோபா காலை நீட்டிப் படுக்கும், பக்கத்தில் ஒரு பஞ்சு மூட்டையும் கிடக்கும்.

கணவர் கோட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கடைசியில் தன் நீளக் கால்களைப் பார்த்தார். சுவர் எழும்பிவிட்டால் அவை அதற்குள் மடங்காது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப நான் எங்கம்மா உக்கார்றது?"

"பின்னாடிதான் அவ்வளவு இடம் கிடக்கே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரையும் இறங்கச் சொல்லிவிட்டு, சுருட்டிய ஒயரைத் திரும்பப் பிரித்தேன். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நேத்து அந்தச் சந்துல ரிவர்ஸ் எடுத்தது..." என்று இழுத்தேன்.

மருமகள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குள்ள டிரைவர்தான்."